வேண்டுதல் நாற்காலி

திருப்பதியில் அந்த வாடகை வீட்டுக் கூடத்தில் இருந்தவர்கள் பெண்ணின் பெரியப்பா வெங்கடசாமி, பெண் கௌசிகா, அவளைப் பார்க்கப் பலமனேரிலிருந்து வந்த இன்ஜினியர் எழிலரசன், அவன் அம்மா யசோதா. மூவர் நின்றார்கள். பட்டுப்புடவை கட்டிய கௌசிகா மட்டும், மடியில் ஒரு பெட்டியோடு, சுழல் நாற்காலியில் சுழன்றுகொண்டிருந்தாள்.

சொன்ன நேரத்துக்கு முன்பே வந்துவிட்ட யசோதா திகைத்துப் போனாள். "என்னண்ணா, பொண்ணு இப்டி சுத்திக்கினு கீறா?"

வெங்கடசாமி குறுக்கே வந்து நின்றார். தம்பி போன பிறகு அவர் வளர்த்த பெண். பெண் பார்க்கும் நாளில்தான் பெண்ணும் பிள்ளையும் முதன்முதலாக முகம் பார்க்க வேண்டும் என்பது அவர் குடும்ப வழக்கம். மூன்று தலைமுறையாகப் பிசகியதில்லை. அப்படித் தேடிப் பிடித்த சம்பந்தம் கலைந்தால் சொந்த ஊரான வெதுருகுப்பத்தில் தலைகாட்ட முடியாது.

"வேண்டுதல்மா. மலைமேல அங்கப்பிரதட்சணம் பண்ணணும். தலை சுத்தாம இருக்கப் பழகிக்கினு கீறா."

யசோதாவின் முகம் மலர்ந்தது. "எனக்கும் அந்த வேண்டுதல் பாக்கி கீது. எந்திரிம்மா, நானும் பழகிக்கிறேன்." கொசுவத்தைச் செருகிக்கொண்டு ஏறி உட்கார்ந்தாள். "ஆமா, இந்தப் பெட்டி எதுக்கு?"

கௌசிகா பெரியப்பாவைப் பார்க்காமல் பெட்டியை அவள் மடியில் வைத்தாள். "என் வேலை அத்தே. உள்ள கண்ணாடி நூல் சுருட்டிக் கீது. அதுல ரெண்டு பக்கமும் வெளிச்சம் ஓடும். பெட்டி மயிரிழை திரும்பினாலும் வெளிச்சம் சொல்லிடும். சாட்டிலைட் சிக்னல் போனாலும் கப்பல் திசை தப்பாது. ஆபீஸ்ல இதைச் சுத்திப் பாக்கற மேசை ரிப்பேர், நாளைக்கு டெஸ்ட். அதான் இந்த நாற்காலி."

"அப்ப வேண்டுதல்?"

"டெஸ்ட் பாஸாவணும்னுதான்."

"அப்டின்னா நல்லா சுத்து."

கௌசிகா சுற்றினாள். "கோயிந்தா, கோயிந்தா" என்று யசோதா சிரிக்கச் சிரிக்க வளையல் குலுங்கியது, தலையிலிருந்த கனகாம்பரம் கூடமெங்கும் சிதறியது, பக்கத்தில் திறந்திருந்த லேப்டாப்பில் பெட்டி அனுப்பிய எண்கள் துள்ளின. வெங்கடசாமிக்கே சிரிப்பு முட்டியது; மீசைக்குள் அடக்கிக்கொண்டார்.

திடீரென்று பெட்டி கீச்சென்று அலறியது. எழிலரசன் நாற்காலியைப் பிடித்து நிறுத்தினான். அம்மாவுக்குத் தண்ணீர்ச் செம்பை நீட்டியபடியே பாராமலே மறு கையைப் பெட்டிக்கு அடியில் விட்டு, அங்கிருந்த பொத்தானை அழுத்தினான். சத்தம் நின்றது.

வெங்கடசாமி அந்தக் கையையும் கௌசிகாவையும் மாறி மாறிப் பார்த்தார். "போதும். தட்டு மாத்திக்கலாம்."

"இன்னும் காப்பியே குடிக்கலியேண்ணா."

"அப்புறம் குடிக்கலாம்மா. மொதல்ல தட்டு."

சாயங்காலம் வெதுருகுப்பத்திலிருந்து தங்கை ரத்தினம்மா போன் செய்தாள். "நாற்காலி, பெட்டி எல்லாம் காதுக்கு வந்திச்சி. அந்தக் கூத்தை மறைக்க அவசரப்பட்டு, முன்னப்பின்ன தெரியாத பையனுக்குப் பொண்ணைத் தூக்கிக் குடுத்துட்டன்னு ஊரே பேசிக்கினு கீது."

வெங்கடசாமி நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"பொய். அந்தப் பெட்டியை ரெண்டு பேரும் சேர்ந்துதான் செஞ்சாங்க."