வலது தோள்

துப்பாக்கி சுடும் கிளப்பில் சாயா போடும் சரோஜம்மாவின் வலது தோள் கன்றிப்போயிருப்பதைப் பார்த்ததும் அவள் புருஷன் ராஜப்பனுக்குச் சந்தேகம் முளைத்தது.

“எவன்டீ அடிச்சது?”

“கதவுல இடிச்சுக்கிட்டேன், சேட்டா.”

அவன் நம்பவில்லை. ஞாயிற்றுக்கிழமை மட்டாஞ்சேரி வீட்டிலிருந்து அவளுக்குத் தெரியாமல் கிளப் வரைக்கும் பின்தொடர்ந்தான். மைதானத்தில் பயிற்சியாளர் அவளருகில் நெருங்கி நின்றார். ராஜப்பனுக்கு ரத்தம் கொதித்தது.

“பழைய துப்பாக்கியோட பின்கட்டை உனக்கு நீளம் சரோஜம்மா, அதான் தோளை இடிச்சுது. இந்தக் குட்டைக் கட்டை வச்ச துப்பாக்கியைப் பிடி,” என்றார் அவர்.

குறிக்காக வீசிய களிமண் தட்டு மேலே பறந்தது. அவள் சுட்டாள். தட்டு தூளாகச் சிதறியது.

அன்று மீன்குழம்பில் உப்பே இல்லை.

“உப்பு போதுமா, சேட்டா?”

“ம்... சரியா இருக்கு.”

அவள் கன்னத்தைத் தவிர வேறெங்கும் அடித்தறியாத அவன் கை, சத்தமில்லாமல் சோற்றைப் பிசைந்தது.