அரை மில்லிமீட்டர்

“சாப்பாட்டு மேசையில ஸ்க்ரூ முடுக்கற மனுஷனை இன்னைக்குத்தான் பார்க்கறேன். சாப்பாட்டை எங்கே வைக்கறது, உங்க தலையிலயா?”

மனைவி கேட்டதற்கு லேத்காரர் நிமிரக்கூட இல்லை. மேசையில் அவருடைய சொந்த டிஜிட்டல் காலிப்பர் கிடந்தது, பொருளை இரண்டு தாடைகளுக்கு நடுவே கவ்வி அளக்கும் கருவி. நூற்றைம்பது மில்லிமீட்டருக்கு மேல் அளக்காது. அவர் அளக்க வேண்டிய ஷாஃப்ட்டோ, கம்பெனியிலிருந்து மாதிரிக்குக் கொண்டுவந்த ஒற்றை இரும்புத் தண்டு, நூற்றெண்பது. அதனால் காலிப்பரின் அசையாத தாடையில் ஓர் இரும்புப் பட்டையை வளைத்து, வெளிப்பக்கம் நீட்டினாற்போல் பொருத்திக்கொண்டிருந்தார். கம்பெனியின் பெரிய காலிப்பர் பீரோவில் பூட்டியிருக்கிறது. இன்றைக்கு ஞாயிறு வேறு.

“நாளைக்குக் காலையில எட்டு மணிக்கு லாரி வந்துரும். நாற்பது ஷாஃப்ட்டையும் பழைய இரும்புன்னு அள்ளிட்டுப் போயிருவான். அதுக்குள்ள எனக்குத் தெரிஞ்சாகணும்.”

“என்ன தெரிஞ்சாகணும்?”

“என் கை போயிருச்சா, இல்லையான்னு.”

நாற்பதும் அரை மில்லிமீட்டர் குட்டை என்று நேற்று சாயங்காலம் அளவு பார்க்கும் இன்ஸ்பெக்டர் சீட்டு எழுதியாகிவிட்டது. நீளமாக இருந்தாலாவது கொஞ்சம் சீவிவிடலாம். குட்டையானதைப் பிடித்து இழுக்கவா முடியும்? இருபத்திரண்டு வருஷத்தில் அவர் கடைந்த ஒரு துண்டு திரும்பி வந்ததில்லை. மேனேஜர் ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார்: திங்கட்கிழமையிலிருந்து லேத் வேறு ஆளுக்கு, இவருக்கு ஸ்டோர் ரூம் நாற்காலி. மனுஷர் பாவம், நேற்றிலிருந்து ஒரு வாய் சாப்பிடவில்லை.

“இன்ஸ்பெக்டர்னா என்ன பெரிய கொம்பா?” என்றார் திடீரென்று. கோபம் வந்தால் அவர் யாரையும் பேர் சொல்ல மாட்டார். பதவியைச் சொல்லித்தான் திட்டுவார்.

“கொம்பு இல்லாட்டியும் கண்ணு இருக்குமில்ல?”

“கண்ணு இருந்து என்ன பிரயோஜனம்? தாடை ரெண்டையும் மூடி, ஜீரோ வருதான்னு பார்த்துட்டுத்தானே அளக்கணும்! நடுவுல அரை மில்லிமீட்டர் தகடு இருக்கும்போது யாராவது ஜீரோ பொத்தானை அமுக்கியிருந்தா, அதுக்கப்புறம் எதை அளந்தாலும் குறைச்சலாத்தான் காட்டும்.”

“ஒரு மணி நேரத்துல நாற்பதையும் முடின்னு விரட்டினா, அவசரத்துல விட்டுப்போயிருக்கும்.”

“நீ என்ன, இன்ஸ்பெக்டருக்கு வக்கீலா?”

“நான் யாருக்கும் வக்கீல் இல்ல. முதல்ல அந்த ஸ்க்ரூவை நல்லா முடுக்குங்க, ஆடுது பாருங்க.”

ஆடத்தான் செய்தது. முடுக்கினார்.

“சரி, பட்டையை மாட்டியாச்சு. இனிமே இது காட்டறதெல்லாம் பொய்க்கணக்குதானே?”

“அதுக்குத்தான் கையில இந்தத் துண்டுக் கம்பி. பட்டை போடறதுக்கு முன்னாடியே இதே காலிப்பர்ல அளந்துட்டேன், சரியா நூறு. இதை நடுவுல வச்சு ஜீரோ அமுக்கிட்டா, அப்புறம் காட்டறதோட நூறைக் கூட்டிக்க வேண்டியதுதான். என் ஷாஃப்ட் சரின்னா எண்பது காட்டும். இன்ஸ்பெக்டர் சரின்னா எழுபத்தொன்பதரை.”

“அதுக்காகக் கம்பியைக் கையிலயே வச்சுக்கிட்டு இருக்காதீங்க. கைச்சூட்டுல இரும்பு நீளும்.”

கம்பியையும் ஷாஃப்ட்டையும் வாங்கி, நுனிகளைத் துணியால் துடைத்து, தட்டில் ஆற வைத்தாள். இரும்போடு குடித்தனம் நடத்துகிறவரின் மனைவிக்கு இதுகூடவா தெரியாது! பத்து நிமிஷம் காத்திருந்தார்கள். அடுப்படியில் சாப்பாடும் ஆறியது.

பிறகு அவள் கம்பியைத் துணியால் பிடித்துத் தாடைகளுக்கு நடுவே வைத்து ஜீரோவை அமுக்கினாள். கம்பியை எடுத்துவிட்டு ஷாஃப்ட்டை வைத்தாள்.

“நீயே பார்த்துச் சொல்லு. எனக்குப் பயமா இருக்கு.” லேத்காரர் கண்ணை இறுக மூடிக்கொண்டார்.

ஒரு தடவை பார்த்தாள். ஷாஃப்ட்டைத் திருப்பி வைத்து இன்னொரு தடவை. மறுபடி கம்பியை வைத்து ஜீரோ பார்த்துவிட்டு மூன்றாவது தடவை. அவள் முகம் வெளுத்துப் போயிருந்தது.

“எண்பது. புள்ளிக்கு அப்புறம் ரெண்டும் ஜீரோ.”

“சத்தியமா?”

“சத்தியமா. உங்க கை எங்கேயும் போகல.”

அவ்வளவு பெரிய மனுஷர் சின்னப் பிள்ளை மாதிரி அழுதுவிட்டார். அவள் முந்தானையால் அவர் முகத்தைத் துடைத்தாள்.

“மேனேஜருக்குப் போன் போடுங்க. லாரியை நிறுத்தச் சொல்லுங்க.”

லேத்காரர் பட்டையின் ஸ்க்ரூவைக் கழற்ற ஆரம்பித்தார்.

“என்ன பண்றீங்க?”

“எனக்குத் தெரிஞ்சாச்சு, போதும். ஸ்டோர்ல உட்கார்ந்தா நான் ஒண்ணும் தேய்ஞ்சு போயிர மாட்டேன்.”

“அப்போ உங்க பேரு?”

“கிடக்கட்டும். இன்ஸ்பெக்டர் வேலை கிடைக்க எத்தனை வாசல் ஏறி இறங்க வேண்டியிருக்கு! சேர்ந்து முழுசா மூணு மாசம்கூட ஆகல. தப்புன்னு தெரிஞ்சா, மேனேஜர் அன்னைக்கே வீட்டுக்கு அனுப்பிருவாரு.”

“காலையிலேருந்து அந்தத் திட்டு திட்டினீங்க, இப்ப என்ன திடீர்னு இரக்கம்?”

“திட்டறது வேற, வயித்துல அடிக்கறது வேற.”

அவள் போனை எடுத்து மேனேஜரின் எண்ணை அழுத்தினாள். அவர் பதறிப்போய்ப் பிடுங்க வந்தார். அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

“சார், ஞாயித்துக்கிழமையில தொந்தரவு பண்றதுக்கு மன்னிக்கணும். அந்த நாற்பது ஷாஃப்ட்டும் அளவு சரியாத்தான் இருக்கு. நாளைக்கு லாரியை அனுப்பாதீங்க.”

மறுமுனையில் யார் பேசுவது என்று கேட்டிருக்க வேண்டும்.

“அவர் சம்சாரமாப் பேசல சார், உங்க இன்ஸ்பெக்டராத்தான் பேசறேன். நேத்து ஜீரோ பார்க்காம அளந்தது நான்தான்.”