உள்ளேன் ஐயா

ஒன்பதே முக்கால் மணி அடித்தபோது இசக்கித்தாய் மகளோடு பள்ளிக்கூடத்து வாசலில் நின்றாள். சங்கரன்கோவிலில் ஜவுளிக்கடை முதலாளிகளின் பிள்ளைகள் படிக்கும் பள்ளிக்கூடம். ஆடு மேய்க்கிற வீட்டுப் பிள்ளை நேற்றுத்தான் அங்கே முதன்முதலாக நுழைந்தது.

"நேத்து மொத பெஞ்சுலயாட்டி இருந்த?" என்று மகளைக் கேட்டாள்.

"ஆமாம்மா. காந்திமதின்னு கூப்பிட்டாக. 'உள்ளேன் ஐயா'ன்னு சத்தமாச் சொன்னேன்."

"ஒம் பேரு கோமதில்லா?"

"அப்படித்தான் சொல்லணும்னாரு பெரிய வாத்தியாரு."

பெரிய பள்ளிக்கூடம், பேரையும் புதுசா வைப்பார்கள்போல என்று இசக்கித்தாய் நினைத்துக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை மகளுக்குப் புதுப் பாவாடை வாங்கிக்கொண்டு குடிசை தேடி வந்திருந்த தலைமையாசிரியர் கேட்டருகே வந்தார்.

"இன்னைக்கு ஏன் வந்த? பிள்ளைகள எண்ண வந்த இன்ஸ்பெக்டர் நேத்தே போயிட்டாரே."

"நீங்கதான சாமி கூப்பிட்டீக?"

"காந்திமதிங்கிற பிள்ள படிப்ப விட்டு நின்னு ஆறு மாசமாச்சு. எண்ணிக்கை குறைஞ்சா கவர்மெண்டு கிராண்டு வராது. அதான் ஒரு நாளைக்குக் கூப்பிட்டேன். இவளச் சேத்தா கமிட்டி முதலாளிங்க என்னைய வேலைய விட்டு அனுப்பிருவாங்க, தாயி. பாவாடைய வச்சுக்கோ."

அவள் முகத்தைப் பார்க்காமல் கேட்டைச் சாத்தினார்.

உள்ளே ஆஜர் எடுக்கும் சத்தம் கேட்டது.

"காந்திமதி!"

இசக்கித்தாய் வாயைப் பொத்துவதற்குள், மகள் கம்பிக்கு வெளியே நின்று சத்தமாகச் சொன்னாள்.

"உள்ளேன் ஐயா!"