ஐந்து நகம்

உச்சி வெயில். கடலோரக் கல்லறைத் தோட்டத்தில் செசிலி, புருஷனின் கல்லறையின் ஈரச் சிமெண்டில் நீலப் பீங்கான் சில்லுகளைச் சிலுவையாகப் பதிக்கிறாள். பீங்கான் உடைத்துப் பதிப்பது இங்கே வழக்கம்தான். ஆனால் டிராகன் தீட்டிய இந்தக் கிண்ணத்தையா? காமிராவோடு ஓடிவந்த சரித்திர ஆசிரியர் ஜீவமணி சில்லுகளருகே மண்டியிடுகிறார். அவள் புருஷன் சங்கு குளிக்கையில் கடலடியில் எடுத்தது. சீன அரண்மனைச் சரக்கு இந்தக் கரைக்கு வந்ததற்கு ஜீவமணி கண்ட ஒரே சாட்சி. போன வாரம் அவர் பார்த்தபோது முழுசாக இருந்தது. “என்னம்மா, உடைச்சிட்டியளே!” மணலில் சுத்தியல் மின்னுகிறது. “அஞ்சு நகம் போட்ட டிராகன் ராசாவுக்கு மட்டுந்தான்னு நீங்கதான சார் சொன்னிய? எனக்கு இவுகதான ராசா.” டிராகனின் கால் இருக்கும் சில்லை எடுத்து, புருஷனின் நெஞ்சுக்கு நேரே வைத்து, கட்டைவிரலால் அழுத்துகிறாள்.