குட்டைக்கு வராத அண்ணன்

போன மழையில், பெட்டைத் தேரையின் முதுகில் ஏறியிருந்த அண்ணன் தேரையைத் தம்பி தேரை உதைத்துத் தள்ளிவிட்டுத் தான் ஏறிக்கொண்டது. அண்ணன் அதை மறக்கவில்லை. கோடை முழுக்கத் துவைகல்லுக்கு அடியில், மண்ணுக்குள் அதையே நினைத்துக்கொண்டு கிடந்தது.

மறுபடி மழை பெய்து குட்டை நிறைந்தது. தம்பி வளையின் வாசலுக்கே வந்தது.

"அண்ணே, வெளியே வா. ஒத்தைக் குரலுக்குப் பெட்டை எதுவும் வரமாட்டேங்குது. சேர்ந்து கத்துவோம்."

"உனக்குத்தான் உதைக்கக் கால் இருக்கே. குரல் எதுக்கு?"

"நான் செஞ்சது தப்புதான். அதுக்காகக் குட்டை வத்துற வரைக்கும் உள்ளேயே கிடப்பியா?"

அண்ணன் உடம்பை ஊதி வாசலை அடைத்தது. பாம்பைக் கண்டால்தான் தேரைகள் அப்படி ஊதும். தம்பி கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனது.

குட்டையிலிருந்து அதன் குரல் தனியாகக் கேட்டது. இன்னொரு தடவை வந்து கூப்பிட்டால் போகலாம் என்று அண்ணன் காத்திருந்தது. கத்திக்கொண்டிருந்த குரல் பாதியில் நின்றது.

அண்ணன் கரைக்கு ஓடிவந்தபோது, வயிறு புடைத்த தண்ணீர்ப் பாம்பு ஒன்று கோரைக்குள் மெதுவாகப் போய்க்கொண்டிருந்தது.

அண்ணன் தண்ணீரில் இறங்கியது. பக்கத்தில் ஒரு தேரை உட்காரும் அளவு இடம் விட்டு உட்கார்ந்து, கத்தத் தொடங்கியது.