ஒன்பதாவது நிமிடத் தும்மல்

குளிர்காலக் காலை வெயிலில் அண்ணன் வெளிப்படியில் உட்கார்ந்திருக்கிறான். யார் வந்தாலும் பத்து நிமிடம் அங்கே தும்மாமல், இருமாமல் இருந்தால்தான் கதவு திறக்கும். தங்கை போட்ட சட்டம் அது. அவன் கொடுத்த சிறுநீரகத்தை உடல் ஒதுக்கிவிடாமலிருக்க அவள் விழுங்கும் மாத்திரைகள் எதிர்ப்புச் சக்தியையும் சேர்த்து அமுக்கிவிடுகின்றன. போன வருடம் யாரோ கொண்டுவந்த சாதாரணச் சளி அவளைப் பதினெட்டு நாள் ஆக்ஸிஜனோடு ஆஸ்பத்திரியில் கிடத்தியது. மூடிய ஜன்னலுக்குள்ளிருந்து அவள் கடிகாரத்தைத் தூக்கிக் காட்டுகிறாள். ஒன்பது நிமிடம். அண்ணன் மூக்கைப் பொத்துகிறான், முகம் சிவக்கிறது, தும்முகிறான். படியில் படுத்திருந்த பூனை எழுந்து போகிறது. "வெறும் தூசிடி," என்று கண்ணாடிக்கு இந்தப் பக்கமிருந்து கத்துகிறான். "அப்ப தூசியக் கூட்டிக்கிட்டு வீட்டுக்குப் போ," என்கிறாள் அவள். "உள்ள இருக்கறது என் கிட்னி. என் சளியெல்லாம் அதுக்குப் பழக்கம்." "கிட்னிதான் உன்னோடது. நுரையீரல் என்னோடது." அவன் போகவில்லை. அவள் சதுரங்கப் பலகையை ஜன்னலோரம் வைக்கிறாள். அவன் விரலால் காட்டக் காட்ட, அவன் காய்களையும் அவளே நகர்த்துகிறாள். "அடியே, நான் காட்டினது குதிரைய." கோபத்தில் கண்ணாடியோடு முகத்தை ஒட்டவைக்கிறான், அவன் மூச்சுபட்டுக் கண்ணாடி வெளுத்துப் பலகை மறைகிறது. சட்டைக் கையால் துடைத்துவிட்டுப் பார்க்கிறான். அவனுடைய ராணியைக் காணோம். அவள் கூரையைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.