மணக்காத பூக்கள்

டிசம்பர் பூச்செடியின் அடித்தண்டைப் பிடித்து இழுத்தார் ராஜகோபால். ஈர மண்ணோடு வந்துவிட்டது. அடுத்து வாடாமல்லி, அதற்கடுத்து கோழிக்கொண்டை.

தைக் கிருத்திகை. திருத்தணிக் கடைவீதியில் வியாபாரம் அள்ளுகிற நாள். ஆனாலும் அவர் தன் லுங்கிக் கடையைத் திறக்கவில்லை. மலைக்குப் போயிருக்கும் மனைவி கோமளவல்லி, கூட்டத்தில் தரிசனம் முடித்து இறங்க மதியம் ஆகிவிடும். அதற்குள் முடித்தாக வேண்டும்.

"இன்னா சார், பூத்துக்கினு இருக்கிற செடியைப் போயி புடுங்கறீங்க?" மதிலுக்கு மேல் எட்டிப் பார்த்தார் பக்கத்து வீட்டுத் துரைக்கண்ணு. "அந்தம்மா பாத்தா உசுரை உட்ருமே!"

"என் ஊடு, என் செடி. நீ உன் வேலையைப் பாருய்யா."

ஆடி மாதம் வரை வீட்டின் பின்பக்கத்தில் துவைக்கிற கல்லும் உடைந்த சிமென்ட் தொட்டியும்தான் கிடந்தன. கண்ணாடி மாற்ற வேண்டுமென்று எதிர்வீட்டு எல்லம்மாளோடு சென்னைக்குப் போன கோமளவல்லி, அதே பழைய கண்ணாடியோடும் பை நிறைய விதைப் பொட்டலங்களோடும் திரும்பினாள். மறுநாளே மண்வெட்டியைக் கையில் எடுத்துவிட்டாள்.

பாத்தி இல்லை, வரிசை இல்லை. கத்தரிக்கும் மிளகாய்க்கும் நடுவே காசித்தும்பை, சுரைப்பந்தலில் நீலச் சங்குப்பூ. நடக்கிற தடம் தவிர மண்ணே தெரியாமல் எல்லாம் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து பூத்தன.

"இன்னாடி இது, காடு மாதிரி?" என்று முதலில் சிரித்தவர்தான் ராஜகோபால். போகப்போக டீ டம்ளரோடு அங்கேயே உட்காரத் தொடங்கினார். முப்பது வருடக் குடித்தனத்தில் இருவரும் மனம்விட்டுப் பேசியது அந்தச் செடிகளுக்கு நடுவில்தான்.

இப்போது அந்தக் காட்டில் பாதி வேரோடு கிடந்தது. வெறுமையான மண்ணில் அவர் மரிக்கொழுந்தும் சம்பங்கியும் மல்லியும் நட்டுக்கொண்டிருந்தார்.

பின்கதவு திறந்தது. எல்லம்மாளின் கையைப் பிடித்தபடி கோமளவல்லி படியிறங்கினாள். நாலடி வைத்தவள் நின்றுவிட்டாள்.

"பாவா... இங்க ஊதா இருந்துதே, எங்க? அந்தச் செவப்பு எங்க?" அத்தை மகனைக் கட்டியவள் அவள். கல்யாணத்துக்குப் பிறகும் 'பாவா' மாறவில்லை.

"ஒரு பூவுல கூட வாசனை இல்ல கோமளா. அதான் மாத்திக்கினு இருக்கேன்."

"யாரைக் கேட்டு புடுங்கினீங்க?"

தரையில் உட்கார்ந்து, துவண்டு கிடந்த செடிகளை மடியில் அள்ளினாள். ஒவ்வொன்றாக முகத்தருகே கொண்டுபோய்ப் பார்த்தாள். "திரும்ப நட்டா பொழைக்குமா பாவா? நட்டுக் குடுங்க. இப்பவே நட்டுக் குடுங்க." குழந்தைபோல அழுதாள். எல்லம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு திரும்பிக்கொண்டாள்.

ராஜகோபாலால் அதற்கு மேல் தாங்க முடியவில்லை. மண் அப்பிய கையோடு அவள் எதிரில் உட்கார்ந்தார்.

"போன வாரம் அரக்கோணத்துல டாக்டர் என்னை மட்டும் உள்ள கூப்ட்டாரே, மருந்து எழுதிக் குடுக்கத்தான்னு உன்கிட்ட பொய் சொன்னேன். உன் ரெண்டு கண்ணுலயும் நரம்பு செத்துக்கினே வருதாம். இந்த வருசம் முடியறதுக்குள்ள பார்வை சுத்தமா போயிடுமாம்."

அவர் திக்கித் திணறித் தொடர்ந்தார்.

"அப்புறமும் நீ இங்க வந்து உக்காரணும் இல்ல? மோந்தாவது சந்தோஷப்படுவியேன்னுதான்..."

கோமளவல்லியின் அழுகை நின்றது. அவர் கையைத் தடவித் தேடிப் பிடித்துக்கொண்டாள்.

"எனக்கு ஆடி மாசமே சென்னையில சொல்லிட்டாங்க பாவா. போறதுக்குள்ள எல்லா நெறத்தையும் ஒரு தபா பாத்துடலாம்னுதான் நட்டேன்."